சோயூஸ் 13: வானியல் ஆய்வுக்கு மாற்றியமைக்கப்பட்ட ஆளேறிய விண்கலம்

சோயூஸ் 13 என்பது சோவியத் ஒன்றியம் 1973 டிசம்பர் 18 அன்று விண்ணில் செலுத்திய இரு நபர் விண்கலம் ஆகும். பியோத்தர் கிளிமுக், வலந்தீன் லெபெதெவ் ஆகிய இரு விண்வெளி வீரர்கள் இதில் ஏறத்தாழ எட்டு நாட்கள் பூமியைச் சுற்றிவந்து டிசம்பர் 26 அன்று தரையிறங்கினர். மற்றொரு கலத்துடன் இணைவதற்கோ, விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டு செல்வதற்கோ இக்கலம் அனுப்பப்படவில்லை. இதன் முகப்பில் வழக்கமாக இருக்கும் இணைப்புக் கருவி நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 'ஒரயன் 2' என்னும் புற ஊதாத் தொலைநோக்கித் தொகுதி பொருத்தப்பட்டிருந்தது. ஆளேறிய விண்கலம் ஒன்று முழுமையாக ஒரு வானாய்வகமாக மாற்றப்பட்டது இப்பயணத்தின் சிறப்பாகும்.

ஒரு தொலைநோக்கியை இயக்க மனிதர்களையும் உடன் அனுப்ப வேண்டிய தேவை என்ன? அத்தேவை ஏன் விரைவில் இல்லாமற் போனது? சோயூஸ் 13இன் வரலாறு இவ்விரு கேள்விகளுக்கும் விடை தருகிறது.

பூமியை எட்டாத ஒளி

விண்மீன்கள் வெளியிடும் ஒளியில் ஒரு பகுதியே பூமியின் தரையை வந்தடைகிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள ஓசோன் படலம் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியை உறிஞ்சிவிடுகிறது. உயிர்களுக்கு இது பாதுகாப்பு. வானியலாளர்களுக்கோ இது ஒரு திரை. வெப்பம் மிகுந்த விண்மீன்கள் தம் ஆற்றலின் பெரும்பகுதியைப் புற ஊதா ஒளியாகவே வெளியிடுகின்றன. பல தனிமங்களின் மிக வலுவான நிறமாலைக் கோடுகளும் அந்தப் பகுதியிலேயே அமைந்துள்ளன. எவ்வளவு உயரமான மலையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும் இவற்றைக் காண இயலாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராக்கெட்டுகள் இத்திரைக்கு அப்பால் செல்ல வழி செய்தன. 1946 அக்டோபரில் அமெரிக்காவில் ஏவப்பட்ட ஒரு வி-2 ராக்கெட் சூரியனின் புற ஊதா நிறமாலையைப் பதிவு செய்தது. ஆனால் இத்தகைய ராக்கெட்டுகள் வளிமண்டலத்துக்கு மேலே சில நிமிடங்களே இருந்து கீழே விழுந்துவிடும். சூரியனைப் போன்ற பொலிவான பொருளுக்கு அந்த நேரம் போதும். மங்கலான விண்மீன்களுக்கு நீண்ட நேர ஒளிப்பதிவு தேவை என்பதால், சுற்றுப்பாதையில் நிலைத்து நிற்கும் ஒரு கலம் தேவைப்பட்டது.

படச்சுருள் என்னும் சிக்கல்

1960களின் இறுதியில் தானியங்கி வானியல் செயற்கைக்கோள்கள் வந்தன. அமெரிக்காவின் ஓ.ஏ.ஓ.-2 1968 டிசம்பர் 7 அன்றும், கோப்பர்நிக்கசு எனப் பெயரிடப்பட்ட ஓ.ஏ.ஓ.-3 1972 ஆகஸ்ட் 21 அன்றும் ஏவப்பட்டன. இவை அளந்த மதிப்புகளை மின்குறிகளாக மாற்றி வானொலி வழியே தரைக்கு அனுப்பின. கோப்பர்நிக்கசு விண்மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றின் நிறமாலையைச் சிறிது சிறிதாக வருடி அளந்தது. பொலிவான விண்மீன்களை மிக நுணுக்கமாக ஆராய இம்முறை ஏற்றது. ஆனால் வானத்தின் அகன்ற பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான மங்கலான விண்மீன்களின் நிறமாலைகளை ஒரே நேரத்தில் பதிவு செய்ய அக்கால மின்னணுக் கருவிகள் எளிதில் இடம் தரவில்லை.

அந்தப் பணிக்கு ஒளிப்படச்சுருள் மிகச் சிறந்த சாதனமாக இருந்தது. பல நிமிடங்கள் வரை ஒளியைச் சேர்த்துக்கொள்ளவும், ஒரே சட்டத்தில் பெருமளவு விவரங்களைத் தாங்கவும் அதனால் முடியும். ஆனால் படச்சுருளை வானொலி வழியே அனுப்ப இயலாது. அதைத் தரைக்குக் கொண்டுவந்து, வேதிக்கரைசலில் கழுவிய பிறகே படிக்க முடியும். விண்ணிலிருந்து பத்திரமாகத் திரும்பி வரக்கூடிய கலம் என்றால், அக்காலத்தில் அது பெரும்பாலும் மனிதர்கள் செல்லும் கலமாகவே இருந்தது. ஆகவே விண்வெளி வானியலின் தொடக்கக் காலத்தில் மனிதரின் கண்ணை விடவும் அவரது திரும்பும் பயணமே தொலைநோக்கிக்கு அதிகம் தேவைப்பட்டது எனலாம்.

அமெரிக்கர்களும் இவ்வழியைப் பின்பற்றினர். 1966 சூலையில் ஜெமினி 10 கலத்தில் சென்ற ஜான் யங், மைக்கேல் காலின்ஸ் ஆகியோர் கலத்தின் கதவைத் திறந்து வைத்து, வானியலாளர் கார்ல் ஹெனைஸ் வடிவமைத்த சோதனைக்காக விண்மீன்களைப் புற ஊதா ஒளியில் படம் எடுத்தனர். இருவரின் கண்களிலும் எரிச்சல் ஏற்பட்டு நீர் வடிந்ததால், திட்டமிட்டதற்கு முன்பே கதவை மூட வேண்டியதாயிற்று. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணத்தின்போது அதே ஜான் யங், இயற்பியலாளர் ஜார்ஜ் கார்ருதர்சு உருவாக்கிய புற ஊதாக் கேமராவை நிலவின் தரையில் நிறுவினார். கேமரா நிலவிலேயே விடப்பட்டது. படச்சுருள் மட்டும் பூமிக்குத் திரும்பியது.

குர்சாத்யானும் ஒரயன் 1உம்

சோவியத் ஒன்றியத்தில் இத்துறையின் முன்னோடி ஆர்மீனிய வானியலாளர் கிரிகோர் குர்சாத்யான் ஆவார். 1915ஆம் ஆண்டின் இனப்படுகொலையிலிருந்து தப்பிய ஆர்மீனிய அகதிகளின் மகனாக 1922இல் பாக்தாத்தில் பிறந்தவர். பின்னர் ஆர்மீனியாவில் வளர்ந்து, புகழ்பெற்ற வானியற்பியலாளர் விக்தர் அம்பார்த்சுமியானின் மாணவரானார். அரகாத்சு மலைச்சரிவில் அமைந்த பியூரகான் வானாய்வகத்தில் பணியாற்றினார். இறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் வெளியே தள்ளும் வாயு உறைகளான கோள்வடிவ நெபுலாக்கள் அவரது தனி ஈடுபாடாக இருந்தன. 1960களில் ஆர்-5 ராக்கெட்டுகளில் கருவிகளை ஏற்றிச் சூரியனின் புற ஊதா, எக்சு கதிர்களை ஆராயும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

அவரது குழு வடிவமைத்த முதல் விண்வெளி ஆய்வகம் ஒரயன் 1. உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1இல் பொருத்தப்பட்டு, 1971 ஏப்ரல் 19 அன்று அது விண்ணுக்குச் சென்றது. சூன் மாதம் சோயூஸ் 11 கலத்தில் கியோர்கி தொப்ரவோல்ஸ்கி, விளாதிசுலாவ் வோல்கவ், விக்தர் பத்சாயெவ் ஆகிய மூவரும் நிலையத்தை அடைந்தனர். ஒரயன் 1ஐ இயக்கும் பொறுப்பு பத்சாயெவுக்கு அளிக்கப்பட்டது. வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு தொலைநோக்கியை இயக்கிய முதல் மனிதர் அவரே. வேகா, பீட்டா செண்டாரி ஆகிய இரு பொலிவான விண்மீன்களின் நிறமாலைகள் 200 முதல் 380 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் படச்சுருளில் பதிவாயின.

1971 சூன் 30 அதிகாலையில் மூவரும் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். கலத்தின் பகுதிகள் பிரிந்த கணத்தில், காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் ஒரு வால்வு விண்வெளியிலேயே திறந்துகொண்டது. இறங்கு பெட்டகத்திலிருந்த காற்று வெளியேறியது. மூன்று பேர் அமர்வதற்காக இடம் நெருக்கப்பட்டிருந்த அப்பெட்டகத்தில் வீரர்கள் அழுத்த உடை அணியாமலே பயணம் செய்தனர். பெட்டகம் தன்னியக்கமாக, வான்குடையின் துணையுடன் சேதமின்றித் தரையிறங்கியது. மீட்புக் குழுவினர் கதவைத் திறந்தபோது மூவரும் உயிரிழந்திருந்தனர். அவர்கள் எடுத்த நிறமாலைப் படங்கள் அவர்களோடு வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு அவற்றின் ஆய்வு முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

நிலையம் இல்லாத ஆண்டு

சோயூஸ் 11 விபத்தின் விளைவாக சோயூஸ் கலம் மறுவடிவமைப்புச் செய்யப்பட்டது. மூன்று இருக்கைகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. ஏறும்போதும் இறங்கும்போதும் 'சோகல்' எனப்படும் அழுத்த உடை அணிவது கட்டாயமாயிற்று. இப்புதிய வகை 7கே-டி என அழைக்கப்பட்டது. 1973 செப்டம்பர் இறுதியில் சோயூஸ் 12 என்ற பெயரில் வசிலி லாசரெவ், ஒலெக் மகாரவ் ஆகியோருடன் இரண்டு நாள் சோதனைப் பயணத்தை அது வெற்றிகரமாக முடித்தது.

கலம் ஆயத்தமாக இருந்தும் அது சென்று சேர வேண்டிய நிலையம் விண்ணில் இல்லை. 1973 ஏப்ரலில் ஏவப்பட்ட சல்யூட் 2, வீரர்கள் செல்லும் முன்பே பழுதடைந்து பயனற்றுப் போனது. மே மாதம் ஏவப்பட்ட மற்றொரு நிலையம் சுற்றுப்பாதையை அடைந்ததுமே கட்டுப்பாட்டை இழந்தது. அத்தோல்வியை மறைக்க அதற்குக் கோசுமசு 557 என்ற பொதுப்பெயர் சூட்டப்பட்டது. அதே மே மாதத்தில் அமெரிக்கா தன் ஸ்கைலேப் நிலையத்தை ஏவி, அடுத்தடுத்து வீரர்களையும் அனுப்பத் தொடங்கியிருந்தது.

இந்தச் சூழலில் தனித்துப் பறக்கும் ஒரு சோயூஸ் கலத்தையே சிறிய வானாய்வகமாக ஆக்கும் திட்டம் நிறைவேறியது. 7கே-டி வகையில் வானியற்பியலுக்கென ஒரே ஒரு கலம் கட்டப்பட்டது. நிலையத்துக்குச் சென்று திரும்பும் கலங்களுக்கு இரண்டு நாள் மின்கல ஆற்றலே போதும் என்பதால் சோயூஸ் 12இல் சூரியத் தகடுகள் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் தனித்து இயங்க வேண்டிய சோயூஸ் 13இல் அவை மீண்டும் பொருத்தப்பட்டன. எங்கும் இணைய வேண்டிய தேவை இல்லாததால் முகப்பிலிருந்த இணைப்புக் கருவி அகற்றப்பட்டு, அவ்விடம் தொலைநோக்கிக்கு அளிக்கப்பட்டது.

இவ்வாறு பார்க்கும்போது சோயூஸ் 13 கலமும் அதன் கருவியும் ஒரே நிகழ்விலிருந்து தோன்றியவை. ஒரயன் 1ஐ இயக்கிய பத்சாயெவின் உயிரைப் பறித்த விபத்தே, ஒரயன் 2ஐச் சுமந்து சென்ற இருவர் கலத்துக்கும் காரணமாக அமைந்தது.

ஒரயன் 2இன் அமைப்பு

ஒரயன் 2இன் முதன்மைத் தொலைநோக்கி அகன்ற பார்வைப் புலம் கொண்ட மெனிசுகசு வகையைச் சேர்ந்தது. அதன் துளை விட்டம் 240 மில்லிமீட்டர், குவியத் தூரம் 1000 மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும் என்பதால், தொலைநோக்கியின் முன்னே குவார்ட்சால் ஆன முப்பட்டகம் வைக்கப்பட்டிருந்தது.

இந்த முப்பட்டகமே ஒரயன் 1இலிருந்து ஒரயன் 2ஐ வேறுபடுத்தியது. வழக்கமான நிறமாலைமானியில் ஒரு விண்மீனின் ஒளி மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு நிறமாலையாகப் பிரிக்கப்படும். தொலைநோக்கியின் முகப்பிலேயே முப்பட்டகம் இருந்தால், பார்வைப் புலத்தில் உள்ள எல்லா விண்மீன்களின் ஒளியும் ஒருசேரப் பிரிகிறது. படச்சுருளில் ஒவ்வொரு விண்மீனும் புள்ளியாகத் தெரியாமல் ஒரு சிறு கோடாக, அதாவது தன் நிறமாலையாகப் பதிகிறது. நுணுக்கம் சற்றுக் குறைந்தாலும் எண்ணிக்கை பன்மடங்கு கூடுகிறது. இரண்டு விண்மீன்களிலிருந்து ஆயிரக்கணக்கான விண்மீன்களுக்குத் தாவ முடிந்தது இதனால்தான். பதிவுக்கு அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் தயாரித்த புற ஊதாப் படச்சுருள் பயன்படுத்தப்பட்டது.

அடுத்த சிக்கல் அசையாமை. தொலைநோக்கி பல நிமிடங்கள் ஒரே திசையை நோக்கி நிற்காவிட்டால் நிறமாலை கலங்கிவிடும். ஆளேறிய கலத்தில் இது மிகக் கடினம். உள்ளே இருப்பவர் கையை நீட்டினால்கூட அதற்கு எதிர்த்திசையில் கலம் சிறிது திரும்பும். எடை ஆறரை டன் என்றாலும், உராய்வே இல்லாத வெளியில் மிதக்கும் கலத்துக்கு அச்சிறு தள்ளல் போதுமானது. எனவே ஒரயன் 2 கலத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்படாமல், மூன்று அச்சுகளில் திரும்பக்கூடிய ஒரு மேடையில் பொருத்தப்பட்டது. விண்மீன் உணரிகள் வழிகாட்டி விண்மீன்களைப் பற்றிக்கொள்ளும். கலம் அசைந்தாலும் மேடை அதை ஈடுகட்டித் தொலைநோக்கியைச் சில வில்விநாடித் துல்லியத்துக்குள் நிலைநிறுத்தும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு வில்விநாடி. வீரர்கள் கலத்தை ஏறத்தாழச் சரியான திசைக்குத் திருப்ப வேண்டும், நுண்மையான திருத்தத்தை உணரிகள் பார்த்துக்கொள்ளும் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை.

எட்டு நாள் பயணம்

லெவ் வரபியோவ், வலேரி யாசுதோவ்ஸ்கி ஆகியோர் முதலில் இப்பயணத்தின் முதன்மைக் குழுவாகப் பயிற்சி பெற்றிருந்தனர். புறப்பாட்டுக்குச் சில நாட்கள் முன்பு அவர்கள் மாற்றப்பட்டு, மாற்றுக் குழுவாக இருந்த கிளிமுக், லெபெதெவ் ஆகியோருக்கு வாய்ப்புக் கிடைத்தது. வரபியோவும் யாசுதோவ்ஸ்கியும் அதன்பின் விண்வெளிக்குச் செல்லவே இல்லை. பெலாரசைச் சேர்ந்த கிளிமுக் வான்படை விமானி. மாஸ்கோவில் பிறந்த லெபெதெவ் பொறியாளர். இருவரும் 1942இல் பிறந்தவர்கள். அப்போது இருவருக்கும் 31 வயது. இருவருக்கும் இதுவே முதல் விண்வெளிப் பயணம்.

1973 டிசம்பர் 18 அன்று கலம் பைக்கனூரிலிருந்து புறப்பட்டது. பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறத்தாழ 89 நிமிடங்கள் பிடித்தன. ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே கலம் பூமியின் நிழலில் இருக்கும். மங்கலான விண்மீன்களைப் பதிவு செய்ய ஏற்ற நேரம் அதுதான். தளபதி கிளிமுக் கலத்தைக் குறித்த வானப்பகுதிக்குத் திருப்பி நிறுத்த, பறப்புப் பொறியாளர் லெபெதெவ் ஒரயன் 2ஐ இயக்கினார். வழிகாட்டி விண்மீனைக் கண்டறிவது, உணரி அதைப் பற்றிக்கொண்டதை உறுதி செய்வது, வெவ்வேறு கால அளவுகளில் படம் எடுப்பது ஆகிய அனைத்தும் அந்தச் சிறு இடைவெளிக்குள் முடிய வேண்டும். நிழல் நீங்கிச் சூரியன் எழுந்தால் அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வானியலோடு வேறு பணிகளும் இருந்தன. நுண்ணுயிர்களை வளர்த்துப் புரத உணவைப் பெருக்க முடியுமா என ஆராய்ந்த 'ஒயாசிசு 2', எடையற்ற நிலையில் மூளைக்குச் செல்லும் குருதியோட்டத்தை அளந்த ஒரு மருத்துவச் சோதனை, பூமியின் வளிமண்டலத்தை ஆராய்ந்த நிறமாலைப் பதிவுகள் ஆகியவை அவற்றுள் சில.

டிசம்பர் 26 அன்று கலம் கசக்சுத்தானில் கரகந்தாவுக்குத் தென்மேற்கே பனிப்புயலுக்கு நடுவே தரையிறங்கியது. மீட்புக் குழுவினர் வந்து சேர்ந்தபோது வீரர்கள் நலமாக இருந்தனர். நிறமாலைகள் பதிவான படச்சுருளும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

ஒரே வானில் இரு ஆய்வகங்கள்

சோயூஸ் 13 பறந்துகொண்டிருந்தபோது ஸ்கைலேப் நிலையத்தின் மூன்றாவது குழுவினரான ஜெரால்டு கார், எட்வர்டு கிப்சன், வில்லியம் போக் ஆகியோரும் விண்ணில் இருந்தனர். சோவியத், அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஒரே நேரத்தில் விண்வெளியில் இருந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. இரு கலங்களுக்கும் இடையே எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை. ஆனால் செய்துகொண்டிருந்த பணியில் வியக்கத்தக்க ஒற்றுமை இருந்தது. ஸ்கைலேப்பில் கார்ல் ஹெனைஸ் வடிவமைத்த 15 சென்டிமீட்டர் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் முன்னும் ஒரு முப்பட்டகம், பின்னே படச்சுருள். ஒரே கேள்விக்கு இரு நாடுகளும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டிருந்தன.

1973 மார்ச்சில் ஹாம்பர்க் வானாய்வகத்தில் லுபோசு கோகூட்டெக் கண்டறிந்த வால்மீன் டிசம்பர் 28 அன்று சூரியனை மிக நெருங்க இருந்தது. இரு கலங்களின் குழுவினரும் அதை நோக்கினர். விண்வெளியிலிருந்து மனிதர்கள் நோக்கிய முதல் வால்மீன் என்ற பெயர் கோகூட்டெக் வால்மீனுக்குக் கிடைத்தது. ஆயினும் அது எதிர்பார்க்கப்பட்ட அளவுக்குப் பொலிவு பெறாமல், தரையிலிருந்து பார்த்த பொதுமக்களை ஏமாற்றியது.

அளவில் இரு ஆய்வகங்களையும் ஒப்பிட இயலாது. ஸ்கைலேப் ஒரு வீட்டளவு இடம் கொண்டது. அதில் மூன்றாவது குழுவினர் 84 நாட்கள் தங்கினர். சோயூஸ் 13இல் இருவர் நெருக்கமாக அமரும் இடமே இருந்தது, நாட்களும் எட்டுக்குள் அடங்கின. ஆனால் ஸ்கைலேப்பின் புற ஊதாத் தொலைநோக்கியை விட ஒரயன் 2இன் துளை பெரியது. மங்கலான விண்மீன்களை எட்டுவதில் அந்த வேறுபாடு பயன் தந்தது.

படச்சுருள் காட்டியவை

கழுவி எடுக்கப்பட்ட படச்சுருளில் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் புற ஊதா நிறமாலைகள் இருந்தன. அவற்றுள் 13ஆம் பொலிவெண் வரையிலான மங்கலான விண்மீன்களும் அடங்கும். பொலிவெண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும். இருண்ட இரவில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீன்கள் 6ஆம் பொலிவெண் அளவில் இருக்கும். 13ஆம் பொலிவெண் விண்மீன் அவற்றை விட 600 மடங்குக்கு மேல் மங்கலானது.

ஔரிகா விண்மீன் குழுவில் உள்ள ஐ.சி. 2149 என்னும் கோள்வடிவ நெபுலாவின் பதிவு அனைத்திலும் முதன்மையானது. ஒரு கோள்வடிவ நெபுலாவின் புற ஊதா நிறமாலை விண்கலம் ஒன்றிலிருந்து பெறப்பட்டது அதுவே முதன்முறை. அதில் அலுமினியம், தைட்டானியம் ஆகிய தனிமங்களின் கோடுகள் இனங்காணப்பட்டன. இவ்வகைப் பொருள்களில் அத்தனிமங்கள் அதற்கு முன் காணப்பட்டதில்லை.

அதே நெபுலாவில் இருஒளியன் உமிழ்வும் இனங்காணப்பட்டது. கிளர்வுற்ற அணு பொதுவாக ஓர் ஒளியனை வெளியிட்டுத் தாழ்நிலைக்கு வரும். ஹைட்ரஜன் அணுவின் குறிப்பிட்ட ஒரு கிளர்நிலையிலிருந்து அவ்வாறு இறங்குவதற்கு வழி அடைபட்டிருக்கிறது. அந்நிலையில் அணு ஒரே நேரத்தில் இரு ஒளியன்களை வெளியிட்டு இறங்குகிறது. இரண்டின் ஆற்றலும் சேர்ந்தால் எப்போதும் ஒரே மதிப்பு. ஆனால் அதை அவை எந்த விகிதத்திலும் பகிர்ந்துகொள்ளலாம். ஆகவே இவ்வொளி கூர்மையான கோடாக இல்லாமல் பரவலான ஒளிர்வாகத் தெரியும். அடர்த்தி மிகுந்த வாயுவில் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால் இந்நிகழ்வுக்கு வாய்ப்புக் குறைவு. மிக மெல்லிய வாயு உறையான நெபுலாவே அதற்கு ஏற்ற இடம். கொள்கையளவில் முன்பே எதிர்பார்க்கப்பட்ட இவ்வொளிர்வு புற ஊதாப் பகுதியில் வலுவாக இருக்கும் என்பதால், வளிமண்டலத்துக்கு வெளியே சென்றே அதை நாட வேண்டியிருந்தது. தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கோள்வடிவ நெபுலாக்களுக்கு ஒதுக்கியிருந்த குர்சாத்யானுக்கு இது மிகப் பொருத்தமான பரிசாக அமைந்தது.

தொலைநோக்கிக்கு மனிதர் தேவையா?

சோயூஸ் 13 வெற்றி பெற்றபோதிலும் அதே வகையில் இன்னொரு கலம் கட்டப்படவில்லை. 1974 சூனில் சல்யூட் 3 ஏவப்பட்டதும் சோயூஸ் கலங்கள் நிலையத்துக்கு வீரர்களை ஏற்றிச் செல்லும் தம் பணிக்குத் திரும்பின. சல்யூட் 4 நிலையத்தில் 25 சென்டிமீட்டர் சூரியத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. 1975 பிப்ரவரியில் அலெக்சி குபரெவ், கியோர்கி கிரெச்கோ ஆகியோர் அதன் கண்ணாடிக்கு விண்வெளியிலேயே புதிய அலுமினியப் பூச்சு இட்டனர். அதே ஆண்டில் கிளிமுக் அந்நிலையத்தில் 63 நாட்கள் பணியாற்றினார். இணைப்புக் கருவிக்குப் பதில் ஆய்வுக் கருவியைப் பொருத்தும் உத்தி 1976இல் சோயூஸ் 22இல் மீண்டும் கையாளப்பட்டது. ஆனால் அதிலிருந்த எம்.கே.எஃப்.-6 கேமரா விண்மீன்களை அல்ல, பூமியைப் படம் எடுத்தது.

இதற்கிடையே மின்னணு உணரிகள் விரைந்து முன்னேறின. 1978 சனவரி 26 அன்று ஏவப்பட்ட பன்னாட்டுப் புற ஊதா ஆய்வுச் செயற்கைக்கோள் இத்துறையின் போக்கையே மாற்றியது. அதில் படச்சுருள் இல்லை, வீரரும் இல்லை. வானியலாளர் தரைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தபடியே தொலைநோக்கியைத் திருப்பி, நிறமாலையைச் சிறிது நேரத்தில் திரையில் காண முடிந்தது. அது 18 ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. சோவியத் ஒன்றியமும் 1983இல் 'அசுத்ரோன்' என்னும் ஆளில்லாப் புற ஊதா ஆய்வகத்தை ஏவியது. படச்சுருளைத் தரைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை நீங்கியதும், மனிதரை உடன் அனுப்புவதற்கான முதன்மைக் காரணமும் நீங்கிவிட்டது. மேலும் மனிதர் இருக்கும் கலத்தில் அசைவும், கலத்தைச் சுற்றிப் படியும் கழிவு வாயுக்களும் நுட்பமான கருவிகளுக்கு இடையூறாகவே இருந்தன.

ஆனால் மனிதருக்கும் தொலைநோக்கிக்கும் உள்ள உறவு அத்துடன் முடியவில்லை. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடி தவறான வடிவில் தேய்க்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் அதைச் சரிசெய்தனர். கருவியின் அருகே எப்போதும் அமர்ந்திருக்கும் நோக்குநராக இருந்த மனிதர், தேவைப்படும்போது சென்று பழுது நீக்கித் திரும்பும் பணியாளராக மாறினார். சல்யூட் 4இல் கண்ணாடிக்குப் பூச்சு இட்ட நிகழ்வு அம்மாற்றத்தின் தொடக்கம் எனக் கருதலாம்.

பிற்காலம்

கிளிமுக் 1978இல் போலந்து வீரர் மிரோசுலாவ் எர்மசெவ்ஸ்கியுடன் மூன்றாம் முறை விண்வெளிக்குச் சென்றார். லெபெதெவ் 1982இல் சல்யூட் 7 நிலையத்தில் 211 நாட்கள் தங்கி, அக்காலத்தில் மிக நீண்ட விண்வெளிப் பயணம் என்ற சாதனையைப் படைத்தார். அப்போது அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. படச்சுருள் முறையில் புற ஊதா ஆய்வைத் தொடங்கிய கார்ல் ஹெனைஸ், 1985இல் தம் 58ஆம் வயதில் சேலஞ்சர் விண்ணோடத்தில் ஸ்பேஸ்லேப் 2 ஆய்வகத்துடன் பறந்து, விண்வெளித் தொலைநோக்கிகளைத் தாமே இயக்கினார். குர்சாத்யான் ஆர்மீனியாவில் தம் ஆய்வைத் தொடர்ந்து, 2014இல் காலமானார். ஒரயன் 2 விண்ணிலிருந்து திரும்பவில்லை. அது பதிவு செய்த நிறமாலைகள் மட்டும் இரு வீரர்களோடு தரைக்கு வந்து, ஆய்வுக் கட்டுரைகளாக நிலைத்துவிட்டன.